விடையைக் கேட்காதீர்கள், உங்களைக் கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: சாட்பாட்டும் தேர்வுப் படிப்பும் – கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் நடக்கும் ஒரு மாலைப் படிப்பு வட்டத்தில் இயற்பியலும் கணிதமும் சொல்லித் தருகிறேன். பிளஸ் 2 மாணவர்களும் குரூப் 4 தேர்வுக்குத் தயாராகிறவர்களும் ஒரே மேசையைச் சுற்றி அமர்ந்து படிக்கும் இடம் அது. கேள்வியைத் தட்டச்சு செய்தால் பதில் எழுதித் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான (சாட்பாட்) சாட்ஜிபிடி 2022 நவம்பர் இறுதியில் வெளிவந்த பிறகு அந்த மேசையில் படிப்பு நடக்கும் விதமே மாறிவிட்டது. அதனால், சாட்பாட்டை வைத்துத் தேர்வுக்குப் படிப்பது பற்றி வடசென்னை மாணவர்களும் பெற்றோரும் கேட்பவற்றுக்கு இன்று மாலை பதில் எழுதுகிறேன். என் பாடங்களுக்கு வெளியே உள்ளவற்றுக்கு, தெரிந்தவர்களிடம் அனுப்பிவைப்பேன்.

கொருக்குப்பேட்டை, பிளஸ் 2 மாணவி: ஐயா, இயற்பியல் பாடங்களைச் சாட்பாட்டிடம் கொடுத்துச் சுருக்கம் வாங்கிப் படிக்கிறேன். படிக்கும்போது எல்லாம் புரிகிறது. தேர்வில் எழுத உட்கார்ந்தால் ஒன்றும் வரவில்லை. ஏன்?

பதில்: இன்றைய கேள்விகளில் மிக முக்கியமானது இதுதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். படிக்கும்போது புரிவது ஒரு திறன், படித்ததைத் தாளில் கொண்டுவருவது வேறொரு திறன். ரோடிகர், கார்ப்பிக் என்னும் இரண்டு அமெரிக்க உளவியல் ஆய்வாளர்கள் 2006-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரு பத்தியை மாணவர்களில் ஒரு பிரிவினர் மீண்டும் படித்தார்கள். இன்னொரு பிரிவினர் அதை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவர்களே முன்னிலையில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, எழுதிப் பார்த்தவர்கள் 56 விழுக்காடும் மீண்டும் படித்தவர்கள் 42 விழுக்காடும் நினைவுகூர்ந்தார்கள். சாட்பாட் தரும் சுருக்கத்தைப் படிப்பது மீண்டும் படிப்பதைச் சேர்ந்தது. பொதுத்தேர்வு ஐந்து நிமிடம் கழித்து வருவதில்லை.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. முதலில் பாடநூலில் அந்தப் பகுதியைப் படியுங்கள். பிறகு நூலை மூடிவிட்டு, சாட்பாட்டில் இப்படித் தட்டச்சு செய்யுங்கள்: "எனக்கு எதையும் விளக்காதே. இந்தப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேள். நான் எழுதிய பதிலில் எந்த இடம் பிழை என்று மட்டும் காட்டு. நான் இரண்டாம் முறை முயன்ற பிறகே சரியான விடையைச் சொல்." பாடநூல் பக்கத்தின் படத்தையும் சேர்த்து அனுப்புங்கள்.

முடிவிலா நீளமுள்ள மின்னூட்டம் பெற்ற கம்பியால் ஏற்படும் மின்புலத்தை காஸ் விதி கொண்டு காணும் ஐந்து மதிப்பெண் கேள்வியை எடுத்துக்கொள்வோம். எங்கள் வட்டத்தில் ஒரு மாணவி உருளையின் வளைபரப்பை மட்டும் எழுதி, கடைசிச் சமன்பாட்டுக்குத் தாவிவிட்டார். சாட்பாட் விடையைத் தராமல், "மேலும் கீழும் உள்ள வட்டப் பரப்புகளை ஏன் விட்டுவிட்டீர்கள்?" என்று மட்டும் கேட்டது. அங்கே மின்புலம் பரப்பின் செங்குத்துத் திசைக்கு நேர்க்குத்தாக இருப்பதால் மின்பாயம் சுழி என்று அவரே யோசித்து எழுதினார். பல தாள்களில் விடுபட்டுப்போவது அந்த ஒரு வரிதான். அவர் அதை இனி விடமாட்டார்.

காசிமேடு, குரூப் 4 தேர்வர்: ஆப்டிட்யூட் கணக்குகளைப் படம் எடுத்துப் போட்டால் படிப்படியாக விடை வருகிறது. அதைப் பார்த்துப் படித்தால் போதாதா, ஐயா?

பதில்: போதாது, தம்பி. 12 பேர் 18 நாட்களில் முடிக்கும் வேலையை 9 பேர் எத்தனை நாட்களில் முடிப்பார்கள் என்பது கணக்கு. அவசரத்தில் பலர் 13.5 என்று எழுதுகிறார்கள். சாட்பாட்டின் தீர்வைப் பார்த்தால், 12-ஐ 18-ஆல் பெருக்கி 216, அதை 9-ஆல் வகுத்து 24 என்று சுத்தமாக இருக்கும், நீங்களும் தலையாட்டுவீர்கள். ஆனால் 13.5 என்று எழுதத் தூண்டிய அந்த எண்ணம் தலைக்குள் அப்படியே இருக்கும். முதலில் உங்கள் தவறான தீர்வைத் தட்டச்சு செய்து, "நான் எங்கே தடம் மாறினேன் என்பதைக் கேள்வியாகக் கேள்" என்று சொல்லுங்கள். ஆட்கள் குறைந்தால் நாட்கள் கூட வேண்டுமா, குறைய வேண்டுமா என்று அது திருப்பிக் கேட்கும். அந்தக் கேள்வியைத் தேர்வு அறையில் உங்களுக்கு நீங்களே கேட்டுக்கொள்ளப் பழகுவதுதான் பயிற்சி.

ராயபுரம்: எந்தச் செயலி நல்லது? பணம் கட்டி வாங்க வேண்டுமா?

பதில்: பள்ளித் தேர்வுக்கும் குரூப் தேர்வுக்கும் இலவச வடிவங்களே போதும். சாட்ஜிபிடியில் 2025 ஜூலையில் வந்த ஸ்டடி மோட், கூகுளின் சாட்பாட்டான ஜெமினியில் உள்ள கைடட் லேர்னிங் ஆகிய இரண்டும், விடையை நேராகக் கொட்டாமல் படிப்படியாகக் கேள்வி கேட்டு அழைத்துச் செல்லும் வகையில் அமைக்கப்பட்டவை. கூகுளின் நோட்புக்எல்எம், நீங்கள் ஏற்றும் கோப்பை ஆதாரமாகக் கொண்டு பதில் சொல்லி, எந்தப் பகுதியிலிருந்து எடுத்தது என்றும் காட்டும். பாடநூல்களின் பிடிஎஃப், தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டை, குரூப் 4 தேர்வர்: பொதுத்தமிழ்ப் பகுதிக்குக் குறள் எண், அதிகாரம், ஆசிரியர் பெயர் எல்லாம் சாட்பாட்டிடம் கேட்டுக் குறிப்பு எடுத்து வைத்திருக்கிறேன். நம்பலாமா?

பதில்: அந்தக் குறிப்பேட்டை வரிக்கு வரி பாடநூலோடு ஒப்பிடாமல் ஒரு பக்கம்கூட மனப்பாடம் செய்யாதீர்கள். குரூப் 4-ன் 200 கேள்விகளில் 100 தமிழுக்கு உரியவை. அதில் 40 விழுக்காடு எடுக்காதவரின் மற்ற பகுதி மதிப்பிடப்படுவதே இல்லை. அவ்வளவு எடையுள்ள பகுதியில்தான் சாட்பாட் அதிகம் சறுக்குகிறது. அது நூலைப் புரட்டிப் பார்த்து எழுதுவதில்லை; முன் வந்த சொற்களுக்குப் பின் எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுகிறது. பொதுவான விளக்கம் அதில் நன்றாக அமையும். குறள் எண், பாடல் வரி, ஆண்டு போல ஓர் இலக்கம் மாறினாலும் பிழையாகிவிடும் செய்திகளில் தடுமாறும். 1330 குறளிலும் இல்லாத ஒன்றைக் குறள் வெண்பா போலவே ஏழு சீரில் எழுதித் தந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எண்ணைச் சோதிக்க ஒரு வழி உண்டு. அதிகாரத்துக்குப் பத்துக் குறள் என்பதால், "கற்க கசடற" 391 என்றால் அது 40-ஆம் அதிகாரமான கல்வியில்தான் முதலாவதாக வர முடியும். சாட்பாட் 39-ஆம் அதிகாரம் என்று சொன்னால் அந்தப் பதிலை மொத்தமாகவே சந்தேகியுங்கள். குரூப் 4 விடைத்தாளில் விடை தெரியவில்லை என்பதற்கென்று ஐந்தாவது வட்டம் இருக்கிறது. சாட்பாட்டோ, தெரியாத இடத்திலும் பெரும்பாலும் அதே உறுதியான குரலில்தான் பேசும். எண்ணும் ஆண்டும் பெயரும் வந்தால் பாடநூலைத் திறந்து பாருங்கள். இதை இன்று பலமுறை சொல்லப்போகிறேன்.

வியாசர்பாடி, ட்யூஷன் ஆசிரியை: நீங்கள் எழுதுவதைப் படித்துவிட்டுப் பிள்ளைகள் பாடநூலையே மூடிவிடுவார்கள், சார். என்னிடம் படிக்கும் பத்தாம் வகுப்புப் பையன் வீட்டுப்பாடம் முழுவதையும் சாட்பாட்டில் எடுத்து எழுதி வருகிறான். எழுந்து நின்று சொல்லச் சொன்னால் வாய் திறப்பதில்லை. மனப்பாடம் செய்து, பார்க்காமல் எழுதிக் காட்டும் பழைய வழக்கம்தான் இந்தப் பகுதிப் பிள்ளைகளைத் தேற்றியிருக்கிறது.

பதில்: உங்கள் கவலைக்கு வலுவான ஆதாரமே இருக்கிறது, மேடம். துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணிதத்தில் நடத்திய ஆய்வு 2025-ல் வெளியானது. சாதாரண சாட்பாட்டை வைத்துப் பயிற்சி செய்தவர்கள் பயிற்சியின்போது 48 விழுக்காடு கூடுதலாகச் சரியாகச் செய்தார்கள். அதை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, சாட்பாட்டையே தொடாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாக எடுத்தார்கள். உங்கள் பையனுக்கு நடப்பது அதுதான். அதே ஆய்வில், விடையைத் தராமல் குறிப்பு மட்டும் தரும்படி அமைத்த சாட்பாட்டைப் பயன்படுத்தியவர்களுக்கு அந்த இழப்பு பெரும்பாலும் ஏற்படவில்லை. பார்க்காமல் எழுதிக் காட்டச் சொல்லும் உங்கள் வழக்கமும், கொருக்குப்பேட்டை மாணவிக்கு நான் சொன்னதும் ஒன்றுதான்.

எர்ணாவூர், பட்டதாரி: மேடத்துக்கு ஒன்று சொல்கிறேன். எங்கள் தெருவில் ட்யூஷன் கட்டணம் கட்ட முடியாத வீடுகளே அதிகம். இரவு பதினொரு மணிக்குச் சந்தேகம் வந்தால் யாரைப் போய் எழுப்புவது? எனக்கு வாய்த்த ஒரே ஆசிரியர் இந்தச் செயலிதான். சோம்பேறித்தனம் என்று சொல்வது வசதி உள்ளவர்களின் பேச்சு.

ஆசிரியை: பணம் கட்ட முடியாத பிள்ளைகளிடம் நான் வாங்குவதில்லை, தம்பி, இங்கே சொல்லித் தரும் பலரும் அப்படித்தான். என் பயம் வேறு. பாடநூலில் உள்ள சொல்லை விட்டுவிட்டு வேறு சொல்லில் எழுதினால் திருத்துகிறவர் மதிப்பெண் குறைப்பார். அப்போது செயலியா வந்து பதில் சொல்லும்?

பதில்: இருவரும் பேசுவது ஒரே பிள்ளையைப் பற்றி என்பதால் இதில் சற்று நேரம் செலவிடுகிறேன். சொற்களைப் பற்றி மேடம் சொல்வது முழுக்க உண்மை. தமிழ்வழி மாணவர்கள் இயற்பியல் கேட்டால் சாட்பாட் சில சமயம் முடுக்கம் என்பதற்குப் பதிலாக, இலங்கைப் பாடநூல்களில் வழங்கும் ஆர்முடுகல் என்னும் சொல்லைப் போடுகிறது. அது தவறான தமிழ் இல்லை என்றாலும் நம் விடைத்தாளில் எழுத வேண்டிய சொல் முடுக்கம்தான். பக்கத்தின் படத்தைக் கொடுத்து, "இந்தப் பக்கத்தில் உள்ள கலைச்சொற்களை மட்டும் பயன்படுத்து" என்று கட்டளையிட்டால் இந்தச் சிக்கல் பெருமளவு தீரும்.

எர்ணாவூர் தம்பி சொல்வதையும் என்னால் தள்ள முடியாது. இரவு நேரச் சந்தேகத்துக்கு ஆள் இல்லாத வீடுகளில் இருந்துதான் எங்கள் வட்டத்துக்கும் பாதிப்பேர் வருகிறார்கள். ஆனால் தம்பி, நீங்கள் புரிந்துகொண்டதுபோல் பாவனை செய்தால் உங்கள் முகத்தைப் பார்த்தே ஆசிரியர் பிடித்துவிடுவார். "புரிந்தது" என்று தட்டச்சு செய்தால் சாட்பாட் பெரும்பாலும் பாராட்டிவிட்டு அடுத்த பகுதிக்குப் போய்விடும். ஆகவே இரவில் அதனிடம் கேட்டதையும் உங்கள் பதிலையும் ஒரு நோட்டில் எழுதி, வாரம் ஒருமுறை பாடம் தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். மேடம், அந்த நோட்டைப் பார்த்துத் தர நீங்கள் முன்வந்தால் வியாசர்பாடிப் பிள்ளைகளுக்குப் பெரிய உதவி.

ஆசிரியை: நோட்டோடு வரச் சொல்லுங்கள், பார்க்கிறேன். ஆனால் கையால் எழுதியதாக இருக்க வேண்டும்.

பதில்: நன்றி, மேடம். கையால் எழுதியதே வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை.

மின்ட், கல்லூரி மாணவர்: எந்த ஆப் பெஸ்ட், சார்?

பதில்: ராயபுரத்துக் கேள்விக்குச் சொன்னதே உங்களுக்கும்.

கொளத்தூர், தாய்: என் மகன் ஆறாம் வகுப்பு. அவனுக்குச் சாட்ஜிபிடி கணக்குத் தொடங்கித் தரலாமா?

பதில்: வேண்டாம், அம்மா. 13 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு அதன் விதிமுறையே அனுமதி தருவதில்லை; 13 முதல் 18 வரை பெற்றோரின் ஒப்புதல் வேண்டும். நீங்கள் உங்கள் கைபேசியில் பத்துக் கேள்விகள் வரவழைத்து, பாடநூலோடு சரிபார்த்து, நீங்களே அவனிடம் வாய்மொழியாகக் கேளுங்கள். ஆதார், பள்ளி அடையாள அட்டை, ஹால் டிக்கெட் படங்களை எந்தச் சாட்பாட்டிலும் ஏற்றாதீர்கள்.

புதுவண்ணாரப்பேட்டை, பிளஸ் 1 மாணவர்: வீட்டில் ஒரே போன். அப்பா ஹார்பர் வேலை முடித்து வந்த பிறகு அரை மணி நேரம் கிடைக்கும். என்ன செய்வது?

பதில்: பகலெல்லாம் பாடநூலோடு இருக்கும் உங்களுக்கு அந்த அரை மணி நேரம் தாராளமாகப் போதும். படிக்கும்போதே சந்தேகங்களை எண்ணிட்டு நோட்டில் எழுதுங்கள்; பாதி, மாலைக்குள் தாமாகத் தீர்ந்துவிடும். போன் கைக்கு வந்ததும் மீதியைக் கேளுங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், மறுநாள் படிக்கப்போகும் பாடத்திலிருந்து பதினைந்து கேள்விகளை விடையில்லாமல் வாங்கி நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மறுநாள் போன் இல்லாமலேயே தேர்வு எழுதலாம். விடைகளைப் பாடநூலில் தேடுவதும் படிப்புதான்.

மூலக்கடை, நீட் தேர்வர்: உயிரியலுக்கு எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: உயிரியல் என் பாடம் இல்லை, உங்கள் பள்ளி உயிரியல் ஆசிரியரிடம் கேளுங்கள். 180 கேள்விகளில் ஒவ்வொரு தவறான விடைக்கும் ஒரு மதிப்பெண் கழியும் தேர்வு அது என்பதால், சாட்பாட் சொன்னதை என்சிஇஆர்டி நூலில் சரிபார்க்காமல் விடாதீர்கள்.

பெரம்பூர், குரூப் 2 தேர்வர்: சென்னைத் தொழிலாளர் சங்கம் 1920-ல் தொடங்கப்பட்டது என்று ஒரு சாட்பாட் சொல்கிறது. சரியா?

பதில்: தவறு. அது 1918 ஏப்ரலில், பக்கிங்ஹாம் கர்நாட்டிக் ஆலைத் தொழிலாளர்களுக்காக உங்கள் பெரம்பூரிலேயே தொடங்கப்பட்டது, பி.பி. வாடியா தலைவர், திரு.வி.க. முன்னின்றவர்களில் ஒருவர். 1920-ல் பம்பாயில் தொடங்கப்பட்டது அகில இந்தியத் தொழிற்சங்க காங்கிரஸ். அருகருகே பேசப்படும் இரண்டு செய்திகளை ஒட்டிவிடுவது சாட்பாட்டின் வழக்கமான பிழை. ஆண்டு வந்தால் பாடநூலைத் திறங்கள்.

எண்ணூர்: இந்த ஆண்டு வரப்போகும் கேள்விகளைச் சொல்லுமா?

பதில்: சொல்லாது. சொல்வதாக யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

தண்டையார்பேட்டை: சார், எந்தச் செயலி நல்லது?

பதில்: மூன்றாவது முறை. மேலே உள்ள பதில்களைப் படித்துவிட்டுக் கேட்கும்படி எல்லோரையும் கேட்டுக்கொள்கிறேன். செயலியைத் தேடும் நேரத்தில் ஒரு பாடத்தை எழுதிப் பார்த்துவிடலாம்.

திருவொற்றியூர், குரூப் 4 தேர்வர்: 200 கேள்விகள் கொண்ட முழு மாதிரித் தேர்வைச் சாட்பாட்டிடமே தயாரிக்கச் சொல்லலாமா?

பதில்: முழுத் தேர்வுக்கு வேண்டாம். கேள்வி எண்ணிக்கை கூடக்கூட அது ஒரே செய்தியைத் திருப்பித் திருப்பிக் கேட்கத் தொடங்கும். அது தரும் விடைக்குறிப்பிலும் பிழை இருக்கும். முந்தைய ஆண்டு வினாத்தாள்கள் தேர்வாணைய இணையதளத்திலேயே கிடைக்கின்றன. ஒன்றை எடுத்து, மூன்று மணி நேரம் கடிகாரம் வைத்து, போனை வேறு அறையில் விட்டுவிட்டு எழுதுங்கள். திருத்திய பிறகு தவறிய கேள்விகளை மட்டும், அவற்றை எழுதும்போது நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பதோடு சேர்த்துச் சாட்பாட்டிடம் கொடுத்து, படிக்காததால் தவறியவை, இரண்டைக் குழப்பிக்கொண்டவை, கேள்வியைச் சரியாக வாசிக்காதவை என்று பிரிக்கச் சொல்லுங்கள். முதல் வகைக்குப் பாடநூலுக்குப் போங்கள். இரண்டாம் வகையில் குழம்பிய ஒவ்வோர் இணைக்கும் ஐந்து புதிய கேள்விகள் வாங்கிப் பயிற்சி செய்யுங்கள். மூன்றாம் வகைக்குச் சாட்பாட் தேவையில்லை. அடுத்த தாளில் "தவறானது எது", "பொருந்தாதது எது" என்னும் சொற்களின் கீழ் பேனாவால் கோடிட்டுவிட்டு விடையைத் தேடுங்கள்.