ரகசிய வருகைன்னா என்ன? எல்லா கிறிஸ்தவங்களும் அத நம்புறாங்களா?

எல்லாரும் நம்புறதில்ல. நான் காரைக்குடி, அப்பா வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), அம்மா வழியில பெந்தெகொஸ்தே, அதனால ரெண்டு பக்கமும் கேட்டு வளந்தவன்.

பைபிள்ல 1 தெசலோனிக்கேயர் 4:16, 17ல, எக்காளம் முழங்கும்போது மரிச்ச விசுவாசிகள் முதல்ல எழுந்திருப்பாங்க, உயிரோட இருக்கறவங்களும் அவங்களோட மேகத்துல எடுத்துக்கொள்ளப்படுவாங்கன்னு பவுல் எழுதுறாரு. இத பெந்தெகொஸ்தே, பிரதரன் சபைகள்ல பெரும்பாலும், கடைசிக் காலத்துல வரும்னு அவங்க நம்புற ஏழு வருஷ உபத்திரவத்துக்கு (பெருந்துன்பத்துக்கு) முன்னாடியே நடக்கிற தனி சம்பவமா சொல்லுவாங்க, அதுதான் ரகசிய வருகை, இயேசு பூமியில இறங்குறது அதுக்கப்புறம்தான். இந்த ரெண்டு கட்ட வருகை பரவலானது 1830கள்ல பிரதரன் சபைத் தலைவர் ஜான் நெல்சன் டார்பியாலதான், அப்புறம் 1909ல வந்த ஸ்கோஃபீல்டு பைபிள் குறிப்புகள் அத எங்கயோ கொண்டு போயிருச்சு. கத்தோலிக்கரும் சி.எஸ்.ஐ.யும் (தென்னிந்தியத் திருச்சபை) பொதுவா ஒரே வருகைதான், எல்லாருக்கும் தெரியுற மாதிரின்னு சொல்லுவாங்க.

ஒரே வருகைன்னு சொல்றவங்க பக்க வாதம் ஒண்ணு எனக்குப் பிடிக்கும். அதே 17ம் வசனத்துல கர்த்தருக்கு 'எதிர்கொண்டுபோக'ன்னு இருக்குல்ல, அதுக்கான கிரேக்கச் சொல் ஊருக்கு வர்ற பெரியவர வெளிய போயி வரவேற்கிறதுக்கும் புழங்குனது. நம்ம பக்கம் மாப்பிள்ளை அழைப்புக்கு மேளம் நாயனத்தோட எதிர்ல போறோம், போயிட்டு அங்கேயேவா நிக்கிறோம், கூட்டிக்கிட்டு வீட்டுக்குத்தான வர்றோம்! அதே மாதிரி இயேசுவ எதிர்கொண்டு அவரோட பூமிக்கே வர்றதுதான் இதுன்னு அவங்க சொல்லுவாங்க.

சின்ன வயசுல ஸ்கூல் விட்டு வந்தா வளவுல ஆளே இல்ல, அடுப்புல பால் பொங்கி வழியுது, எல்லாரையும் எடுத்துக்கிட்டாங்க நான் மட்டும் கைவிடப்பட்டேன்னு அழுதிருக்கேன். ஆத்தா பக்கத்து வீட்ல வடகம் காயப் போட்டுக்கிட்டு இருந்துச்சு.

தேதி சொல்றவங்கள மட்டும் நம்பாதீங்க, மத்தேயு 24:36லயே அந்த நாள் பிதாவத் தவிர யாருக்கும் தெரியாதுன்னு இருக்கு.