கேட் ஸ்டீவன்ஸ் எல்பி: மாறித்தான் வந்திருக்கு

தம்பி, அப்பாவுக்கெண்டு நீங்க வாங்கின கேட் ஸ்டீவன்ஸ் (இங்கிலாந்துப் பாடகர்) எல்பி, அதான் பெரிய இசைத்தட்டு, வேற மாதிரிக் கேக்குதெண்டா ப்ளேயரும் ஊசியும் பிழையில்ல, கழட்டிப் பாக்க வேணாம். அப்பாட பழைய கசெட்ல கேட்ட குரல் இல்ல, கிழவர் ஒராள் பாடுற மாதிரி இருக்கு எண்டு எழுதியிருந்தீங்க, அது உண்மையிலயே கிழவர்தான் 😄 உங்கட கவர்ல பேருக்குப் பக்கத்தில சின்னதா 2 எண்டு இருக்கா பாருங்க. அவர்ட டீ ஃபோ த டில்லர்மேன் அல்பம் 1970ல வந்தது, 2020ல, யூசுஃப் எண்டு பேர் மாத்தியிருந்த அவர், அதே பாட்டெல்லாத்தையும் புதுசாப் பாடி வேற அல்பமா விட்டார், அதத்தான் ரீஇஷ்யூ (பழசத் திருப்பி அடிச்சது) எண்டு நினைச்சு வாங்கியிருக்கீங்க.

ஆனா உடன திருப்பி அனுப்பாதீங்க. தகப்பனும் மகனும் கதைக்கிற பாட்ட ஒருக்கா கேளுங்க, மகன்ட குரல் 1970ல லொஸ் ஏஞ்சல்ஸ் ட்ரூபடோர் கிளப்ல அவரே பாடின பழைய பதிவு, தகப்பன்ட குரல் எழுபது வயசுக்குப் பிறகு பாடினது, ரெண்டையும் சேத்திருக்காங்க, எனக்குக் கண் கலங்கிட்டு.

அப்பாவுக்கெண்டா 50வது ஆண்டு ரீமாஸ்டர் (பழைய பதிவையே ஒலி துப்புரவாக்கினது) எண்டு போட்டிருக்கிற ஒத்தை எல்பி போதும். கனக்க டிஸ்க் சேத்த பொக்ஸ் செட் பக்கம் போகாதீங்க, அந்தப் பாரத்துக்கு கொழும்புக்கு வர தபால் செலவும் கஸ்டம்ஸும் சேந்து ஆளக் கொண்டுடும், அதில இருக்கிற டெமோ (ஒத்திகைப் பதிவு), லைவ் எல்லாம் என்ன மாதிரி விசருகளுக்குத்தான். காசு மிஞ்சினா அதே 1970ல அதுக்கு முந்தி வந்த மோனா போன் ஜேகன் எடுங்க, காசநோய் வந்து கிடந்து எழும்பினாப் பிறகு செஞ்சது, அமைதியா இருக்கும். ஓடர் பண்ண முதல் கவர்ட பின்பக்கப் படத்தக் கேட்டு, எந்தப் பதிவெண்டு பாத்து வாங்குங்க.