மாடல் காரில் இரட்டை வண்ணம் அடிக்கும்போது டேப்புக்கு அடியில் பெயிண்ட் கசிவது ஏன்?

இரட்டை வண்ணம் என்றால் ஒரே கார் உடலில் இரண்டு நிறம், நடுவே கத்தியால் கீறியது போன்ற கோடு. 1957 செவ்ரோலே பெல் ஏர் என்ற அமெரிக்கக் கார் நல்ல உதாரணம்: கூரை வெள்ளை, உடல் நீலம்.

முதலில் வெளிர் நிறம். வெள்ளையை நீலம் எளிதில் மூடும்; நீலத்தை மூட வெள்ளையைக் கனமாக அடிக்க வேண்டிவரும், கதவுக் கோடுகள் எல்லாம் தூர்ந்துவிடும். வெள்ளை காய்ந்ததும், அது வெள்ளையாகவே இருக்க வேண்டிய இடத்தை டேப்பால் மூட வேண்டும்; எனாமல் (மெதுவாகக் காயும் எண்ணெய் வகைப் பெயிண்ட்) என்றால் வாடை முழுக்கப் போனபிறகே டேப்.

டேப் விளிம்புக்கும் உடலுக்கும் நடுவே மயிரிழை இடைவெளி இருக்கும். ஈரப் பெயிண்ட் அதற்குள் தானாக ஊறி ஏறுகிறது. எனவே விளிம்பைப் பல்குச்சியால் அழுத்தித் தேய்த்து, அதன்மேல் அதே வெள்ளையை லேசாக ஒருமுறை அடியுங்கள். கசிந்தாலும் வெள்ளைமேல் வெள்ளைதான், இடைவெளி அடைபட்டுவிடும். தம் பிரியாணிச் சட்டி மூடியைச் சுற்றி மாவு ஒட்டுகிற அதே வேலை. பிறகு நீலம், 2 அல்லது 3 மெல்லிய பூச்சாக. எனாமல் மேல் லாக்கர் (காட்டமான கரைப்பான் உள்ள, வேகமாகக் காயும் பெயிண்ட்) மட்டும் வேண்டாம், அடியில் உள்ள எனாமல் சுருங்கிவிடும்.

பெயிண்ட் கல்லாகக் காய்ந்தபின் டேப்பை உரிப்பதே பாதுகாப்பு என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் தொட்டால் ஒட்டாத பதத்திலேயே டேப்பைப் பின்பக்கமாக மடித்து மெல்ல இழுத்தால்தான் விளிம்பு பிய்யாது.