பள்ளிப்பட்டு கேழ்வரகுப் பரப்பு: விதைக் கணக்கு ஏன் உதைக்கிறது

மானியத்தில் 180 கிலோ விதை போனது, 90 ஏக்கர் வரணும், அடங்கலில் (கிராம நிர்வாக அலுவலரின் பயிர்ப் பதிவேடு) 55தான் என்கிறீர்கள். 2 கிலோவால் வகுத்ததுதான் வினை சார். நாற்று விட்டு நட்டால்தான் ஏக்கருக்கு 2 கிலோ; நேரடி விதைப்பில் 4 முதல் 6 கிலோ இழுக்கும். இங்கே வாங்கி எல்லைக்கு அப்பால் நகரிப் பக்க நிலத்தில் தூவியிருந்தால் அது ஆந்திரக் கணக்கு.

அடங்கலையும் அப்படியே நம்பாதீர்கள். கதிர் வந்ததும் புல எண் வாரியாக வயலில் இறங்குங்கள். ஊடே மொச்சை இருந்தால் சால்களை எண்ணுங்கள்: 8 சால் கேழ்வரகு, 2 சால் மொச்சை, இடைவெளியும் சமம் என்றால் ஏக்கருக்கு 80 சென்ட்தான். முழு ஏக்கராக எழுதுவதுதான் வழக்கமான கோளாறு. 25 சென்டுக்குக் குறைந்த துண்டுகளை போன் ஜிபிஎஸ்ஸை வைத்துச் சுற்றி நடந்து அளக்க வேண்டாம். மூன்று, நான்கு மீட்டர் பிசகும். டேப் பிடியுங்கள், கிணற்றுமேட்டைக் கழியுங்கள்.