உடைந்த அச்சின் நாணயங்களுக்கு முதிர்வுத் தொகையைக் கொடுக்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 46. உடைந்த அச்சினால் பிழையோடு வெளிவந்த நாணயங்களை ஆறு ஆண்டுகளாகச் சேகரித்து வருகிறேன். அடுத்த மாதம் என் வைப்புத்தொகை ஒன்று முதிர்கிறது. அதில் பாதியைக் கொடுத்தால் இத்தகைய 12 நாணயங்களைத் தருவதாக ஒரு விற்பனையாளர் சொல்கிறார். ஒவ்வொன்றும் உலகில் ஒன்றே ஒன்றுதான் என்கிறார். மகளின் மேற்படிப்புக்கு இன்னும் நான்கு ஆண்டுகள் உள்ளன. வாங்கலாமா?

பதில்: இந்தப் பணத்தைக் கொண்டு வாங்க வேண்டாம். உங்கள் ரசனையில் எனக்குக் குறையேதும் தெரியவில்லை. 'ஒன்றே ஒன்று' என்ற பேச்சில்தான் குறை இருக்கிறது.

நாணயத்தில் உருவத்தையும் எழுத்தையும் பதிக்கும் அச்சு கடினப்படுத்திய எஃகால் ஆனது. மீண்டும் மீண்டும் பேரழுத்தத்தில் அடிபட்டுச் சோர்ந்துபோகும் எஃகில் முதலில் மயிரிழை போன்ற விரிசல் விழுகிறது. அடிக்கும்போது உலோகம் அந்த விரிசலுக்குள் புகுவதால், நாணயத்தில் அது மேடான கோடாகத் தெரிகிறது. விரிசல் வளர்ந்து, விளிம்பை ஒட்டிய துண்டு ஒன்று அச்சிலிருந்து பெயர்ந்து விழுந்துவிட்டால், அந்த இடத்தில் உருவமோ எழுத்தோ இல்லாத மொழுக்கென்ற புடைப்பு உண்டாகிறது. சேகரிப்பாளர்கள் 'கட்' (cud) என்று சொல்வது இதைத்தான். அச்சை மாற்றும்வரை அதில் அடிபடும் ஒவ்வொரு நாணயமும் அதே புடைப்போடுதான் வெளிவரும். அவை எத்தனை என்று யாரும் எண்ணி வைப்பதில்லை. இன்று மூன்று மட்டுமே தெரிந்திருந்தாலும், நாளை பழைய மூட்டை ஒன்று பிரிக்கப்பட்டால் முப்பது வெளிப்படலாம்; நீங்கள் கொடுத்த விலைக்கு அதன்பின் ஆதாரம் இராது.

அமெரிக்காவின் 1804-ஆம் ஆண்டுப் பெரிய சென்ட் (அக்காலத்தில் பெரிய அளவில் அடிக்கப்பட்ட ஒரு சென்ட் செப்பு நாணயம்) இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அவ்வாண்டு எண்ணைத் தாங்கிய அசல் நாணயங்கள் அனைத்தும் முன்பக்கத்துக்கு ஒன்று, பின்பக்கத்துக்கு ஒன்று என ஒரே அச்சு இணையில் அடிக்கப்பட்டவை. முதலில் உடைப்பில்லாமலும், பிறகு பின்பக்க விளிம்பு உடைந்தும், கடைசியில் இரு பக்கமும் உடைந்தும் வந்தன. அவற்றுக்கு மதிப்பு இருப்பதன் முதற்காரணம் அந்த ஆண்டு நாணயமே அரிது என்பதுதான். சாதாரண ஆண்டு நாணயத்தில் உள்ள உடைப்புக்கு அந்தத் துணை கிடையாது. அதை விரும்பும் சிலர் மட்டுமே வாங்குவார்கள், அவர்களையும் நீங்கள்தான் தேடிப் பிடிக்க வேண்டும்.

மகளின் கட்டணத்துக்குக் கடைசி நாள் உண்டு, நாணயத்தை வாங்குபவருக்கு அப்படி எதுவும் இல்லை. வட்டியோ ஈவுத்தொகையோ தராத இப்பொருளை ஏலத்துக்கு விட்டால் ஏலம் விடுபவரின் கமிஷன் போகும். அவசரமாக விற்க வேண்டுமென்றால், வாங்கிய விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே பல ஆண்டு உயர்வை விழுங்கிவிடும். ஆகவே முதிர்வுத் தொகை முழுவதையும் நான்கு ஆண்டுக்குள் முதிரும் பாதுகாப்பான வைப்பிலேயே வைத்திருங்கள். நாணயங்களுக்கு, மாதச் செலவு போக மிஞ்சுவதிலிருந்து, திரும்பி வராவிட்டாலும் வருந்தாத ஒரு தொகையை ஒதுக்கிக்கொள்ளலாம்.

அந்தத் தொகையில் ஒன்றிரண்டு வாங்குவதாக இருந்தால், லென்ஸோடு போங்கள். புடைப்பு விளிம்பைத் தொட்டிருக்க வேண்டும். பிறகு நாணயத்தை இரு விரல்களுக்கிடையே பிடித்து, புடைப்புக்கு நேர் பின்புறத்தைப் பாருங்கள்: அச்சில் உண்டான பள்ளத்தை நிரப்ப உலோகம் போய்விட்டதால், அங்கே எழுத்துகள் பெரும்பாலும் மங்கலாக இருக்கும். அவை கூர்மையாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பள்ளமான கோட்டை அச்சு விரிசல் என்று சொல்லி விற்றால், அது பெரும்பாலும் பிற்காலத்தில் விழுந்த கீறல்தான். விலை உயர்ந்த நாணயத்தை, பி.சி.ஜி.எஸ். போன்ற தரச்சான்று நிறுவனத்தின் முத்திரையிட்ட பெட்டியில் மட்டும் வாங்குங்கள், ரசீதையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்த விற்பனையாளரிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள்: ஓர் ஆண்டு கழித்து இதே 12 நாணயங்களை என்ன விலைக்குத் திரும்ப எடுத்துக்கொள்வீர்கள் என்பதை எழுத்தில் தர முடியுமா?