சாப்பாட்டுக்கு ஒரு ரெட் ஒயின்: கேள்வி பதில்

ஒயின் வாங்கி விற்கும் தொழிலில் 18 வருஷம் இருந்தவள் நான். இரவுச் சாப்பாட்டோடு குடிக்க, கைக்கு அடக்கமான விலையில் ரெட் ஒயின் தேர்ந்தெடுப்பது பற்றி மட்டும் கேளுங்கள். முதலீடு, ஏலம் எல்லாம் எனக்கு ஆகாது. குடிக்காதவர்களைக் குடிக்கச் சொல்லவும் நான் வரவில்லை.

புதியவன்: அக்கா, கடை அலமாரி முன்னால் நின்றாலே தலை சுற்றுகிறது. எதைப் பார்த்து எடுப்பது?

முதலில் விலைக் கணக்கு. பாட்டில், மூடி, லேபிள், லாரி வாடகை இவற்றின் செலவு மலிவான ஒயினுக்கும் அடுத்த படி ஒயினுக்கும் ஏறத்தாழ ஒன்றுதான். அடிமட்ட விலையில் நீங்கள் கொடுப்பதில் பெரும்பகுதி இதற்கே போய்விடும். ஒரு படி மேலே போனால், கூடுதலாகக் கொடுப்பதில் நல்ல பங்கு உள்ளே இருக்கும் ஒயினுக்குச் சேரும். அதனால் அடியிலிருந்து இரண்டாவது படியில் நில்லுங்கள். நாலாவது, ஐந்தாவது படிக்குப் போனால் பேருக்கும் புகழுக்கும் கொடுக்க ஆரம்பிப்பீர்கள்.

அடுத்து, பெயர் பெற்ற ஊரின் மலிவு ஒயினை விட, பெயர் பெறாத ஊரின் நல்ல ஒயினை எடுங்கள். பிரான்சின் பர்கண்டி வட்டாரத்து பினோ நுவார் திராட்சை ஒயின் மலிவாகக் கிடைத்தால் நான் தொட மாட்டேன். வளர்ப்பதற்கே அடம்பிடிக்கும் திராட்சை, நிலமோ பொன் விலை. அதே காசுக்கு ஸ்பெயினில் கலாத்தாயூத், காம்போ தே போர்ஹா பக்கத்து கர்னாச்சா திராட்சை ஒயின் வாங்கலாம். பிரான்சிலேயே வேண்டுமென்றால் கோத் து ரோன் வட்டாரத்து ஒயின். அர்ஜென்டினாவின் மெண்டோசா வட்டாரத்து மால்பெக் திராட்சை ஒயினும் கைவிடாது.

என் செல்லப்பிள்ளை சிலி நாட்டு கார்மெனேர். பிரான்சின் போர்தோவில் பிறந்த திராட்சை. திராட்சை வேரை அழிக்கும் ஃபில்லாக்ஸெரா பூச்சி அடித்த பிறகு அங்கே கிட்டத்தட்ட இல்லாமலே போய்விட்டது. அதற்கு முன்பே சிலிக்குப் போய்ச் சேர்ந்த கொடிகளை மெர்லோ என்ற வேறு திராட்சை என்றே நினைத்து வளர்த்து, மெர்லோ என்றே விற்றார்கள். 1994இல் ழான்-மிஷேல் பூர்சிக்கோ என்ற பிரெஞ்சு நிபுணர் தோட்டத்தில் கொடியைப் பார்த்துவிட்டு, இது மெர்லோ இல்லை, கார்மெனேர் என்றார். முகர்ந்தால் லேசாகக் குடைமிளகாய் வாசனை வரும். சிலருக்குப் பிடிக்காது. எனக்கு அதுதான் பிடிக்கும்.

கடைசிபெஞ்ச்: மொந்தேபுல்சியானோ என்று இரண்டு பாட்டில், ஒன்று மலிவு, ஒன்று விலை. ஏன்?

இரண்டும் இத்தாலி ஒயின். மொந்தேபுல்சியானோ தாப்ருஸ்ஸோ என்பதில் அது திராட்சையின் பெயர். வீனோ நோபிலே தி மொந்தேபுல்சியானோ என்பதில் ஊரின் பெயர், உள்ளே பெரும்பாலும் சாஞ்சியோவேஸே திராட்சை. இரவுச் சாப்பாட்டுக்கு முதலாவது போதும். தக்காளி போட்ட எதோடும் ஒத்துப்போகும்.

சமையல்கட்டு: எங்கள் வீட்டுச் சமையலில் காரம் தூக்கல். ரெட் ஒயின் குடித்தால் வாய் எரிகிறது.

மூன்று இடத்தில் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆல்கஹால் காரத்தைக் கிளறிவிடும், திராட்சைத் தோலிலிருந்து வரும் டானினின் துவர்ப்பு அதன் மேல் உப்புத்தாள் போலத் தேய்க்கும், ஓக் மரப் பீப்பாயின் வாசனை எதற்கும் உதவாது. லேபிளில் ஆல்கஹால் அளவைப் பாருங்கள். 14.5 சதவீதம் என்றால் திரும்ப வைத்துவிடுங்கள். 13க்குக் கீழே, துவர்ப்பு குறைந்ததாக எடுங்கள். கமே திராட்சையில் செய்யும் பொஜொலே நல்ல தேர்வு. அதையும் 13, 14 டிகிரிக்குக் குளிர வைத்துக் குடியுங்கள்.

பழையபாட்டில்: ரெட் ஒயினைக் குளிர வைப்பதா? அறை வெப்பநிலையில்தான் குடிக்க வேண்டும் என்று எல்லாப் புத்தகத்திலும் இருக்கிறதே மேடம்.

எந்த அறை? அந்தப் பேச்சு கிளம்பிய காலத்து ஐரோப்பிய வீட்டு அறைகள் 16, 18 டிகிரியைத் தாண்டாதவை. இன்றைய அறை 22, 25, 28. அந்தச் சூட்டில் ஆல்கஹால் மூக்கில் முதலில் ஏறும், பழச்சுவை வெந்த ஜாம் மாதிரி ஆகிவிடும். மலிவு ஒயின் மோசம் என்று என்னிடம் வருபவர்களில் பாதிப் பேர் சூடான ஒயினைத்தான் திட்டுகிறார்கள். அறை 20 டிகிரி என்றால் அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வையுங்கள். 28 என்றால் ஒரு மணி நேரத்துக்கு மேலேயே வேண்டும். இன்னும் பத்துத் தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அரைத்தூக்கம்: திட்டாதீர்கள் அக்கா, நான் கிளாஸில் ஒரு ஐஸ் கட்டி போட்டுக்கொள்வேன்.

திட்ட மாட்டேன். நானும் போட்டிருக்கிறேன்.

பழையபாட்டில்: இதைத் தொழில் தெரிந்தவர் சொல்லலாமா? ஒயின் செய்தவன் எத்தனை வருஷம் உழைத்திருப்பான், அதில் தண்ணீர் ஊற்றுவது பாவம்.

கணக்குப்பிள்ளை: பாவமோ புண்ணியமோ, எவ்வளவு நீர்த்துப்போகும் என்று யாராவது கணக்குப் போட்டீர்களா?

போடுவோம். கிளாஸில் 150 மில்லி ஒயின், 28 டிகிரி. ஐஸ் கட்டி 15 கிராம். ஒரு கிராம் ஐஸ் உருக 80 கலோரி வெப்பம் வேண்டும், 15 கிராமுக்கு 1,200. அந்த வெப்பம் ஒயினிலிருந்துதான் வர வேண்டும். முழுக்க உருகியதும் கிளாஸ் 18 டிகிரியை ஒட்டி வந்து நிற்கும். 14 சதவீதமாக இருந்த ஆல்கஹால் 12.7 ஆகியிருக்கும். அவ்வளவுதான் சேதம். பழச்சுவை தூக்கலான இளம் கர்னாச்சாவுக்கு இது வலிக்கவே வலிக்காது. 28 டிகிரியில் அப்படியே குடிப்பதுதான் அந்த உழைப்பாளிக்குச் செய்யும் பெரிய துரோகம். ஸ்பெயின்காரர்கள் கோடையில் ரெட் ஒயினில் சோடாவும் ஐஸும் போட்டு திந்தோ தெ வெரானோ என்று குடிக்கிறார்கள். யாரும் அவர்களைக் கோயிலை விட்டு விலக்கவில்லை.

பழையபாட்டில்: அது கோடைப் பானம். அதை ஒயின் என்று சொல்லாதீர்கள். ஸ்பெயினின் ரியோஹா வட்டாரத்தில் முதிர வைத்த நல்ல ரிசர்வாவில் போடுவீர்களா?

மாட்டேன். பீப்பாயிலும் பாட்டிலிலும் மூன்று வருஷம் கிடந்த மென்மை தண்ணீரில் முதலில் கரையும். அதை ஃப்ரிட்ஜில் வைப்பேன். இங்கே பேச்சு மலிவு ஒயினைப் பற்றி.

கடைசிபெஞ்ச்: ரியோஹா பேச்சு வந்ததால் கேட்கிறேன். கிரியான்சா, ரிசர்வா எது வாங்கலாம்?

கிரியான்சா. குறைந்தது 2 வருஷம் முதிர்ச்சி, அதில் ஒரு வருஷம் ஓக் பீப்பாயில். அங்கே இது சட்டம். அமெரிக்க பாட்டிலில் ‘ரிசர்வ்’ என்று இருந்தால் மயங்காதீர்கள். அந்தச் சொல்லுக்கு அந்நாட்டின் மத்திய சட்டத்தில் ஒரு பொருளும் கிடையாது.

மொட்டைமாடி: பாட்டில் கனமாக இருந்தால் ஒயின் நல்லது என்கிறார்களே?

கண்ணாடிக்குக் காசு கொடுக்கிறீர்கள்.

மொட்டைமாடி: அப்போது விலை கூடினால் ருசி கூடாதா?

2008இல் வெளியான ஓர் ஆய்வில், விலை தெரியாமல் 6,000 தடவைக்கு மேல் சுவைத்துப் பார்க்க வைத்தார்கள். பயிற்சி இல்லாதவர்களுக்கு விலை கூடிய ஒயின் கொஞ்சம் குறைவாகத்தான் பிடித்தது. பயிற்சி பெற்றவர்களிடம் அப்படி இல்லை. என்னை மாதிரி நாக்கைக் கெடுத்துக்கொள்ளாதவரை உங்கள் பை பத்திரம்.

சமையல்கட்டு: மீனோடு ரெட் ஒயின் கூடாதாமே?

எல்லா ரெட்டும் அல்ல. குடித்த பிறகு வாயில் கவிச்சி அடிக்கிறதே, அதற்கு ஒயினில் இருக்கும் இரும்புச்சத்து ஒரு காரணம் என்று 2009இல் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். இரும்பு எவ்வளவு என்று லேபிளில் போடுவதில்லை. துவர்ப்பு குறைந்த இளம் ரெட்டை, குளிர வைத்து (ஆமாம், மறுபடியும்), சுட்ட மீனோடு முயன்று பாருங்கள். எண்ணெய்ச் சத்து மிகுந்த மீனை வெறுமனே அவித்தால் மட்டும் வேண்டாம்.

நள்ளிரவு: மேடம், எந்த பிராண்ட் பெஸ்ட்?

முதல் பதிலைப் படியுங்கள்.

ஒருவாய்: ரெட் ஒயின் குடித்தால் தலைவலி. சல்ஃபைட் காரணமா?

சல்ஃபைட் என்பது ஒயின் கெடாமல் இருக்கச் சேர்ப்பது. ஐரோப்பிய விதிப்படி இனிப்பில்லாத ரெட்டில் லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை, ஒயிட்டில் 200 வரை அனுமதி. ஒயிட் குடித்தால் வலிக்கவில்லை என்றால் சல்ஃபைட்டைக் குற்றம் சொல்வது கஷ்டம். அதற்கு மேல் மருத்துவரிடம் கேளுங்கள். மாத்திரை சாப்பிடுபவர்கள் குடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

நள்ளிரவு: மிச்ச ஒயினை எங்கே வைப்பது?

மூடி போட்டு ஃப்ரிட்ஜில். ரெட்டையும்தான். மூன்று நாள் தாங்கும்.

ஒருவாய்: ரெட் ஒயினை அறை வெப்பநிலையில்தானே குடிக்க வேண்டும்?

மேலே போய்ப் படித்துவிட்டு வாருங்கள்.

கணக்குப்பிள்ளை: ஐஸ் கட்டி 20 கிராம் என்றால்?

சுமார் 15 டிகிரி. பொஜொலேவுக்குச் சரி, மால்பெக்குக்கு அதிகம்.

பழையபாட்டில்: ஐஸ் போட மாட்டேன். ஆனால் நேற்று ஒரு மால்பெக்கை ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் வைத்துப் பார்த்தேன். ஒரே துவர்ப்பு. இதற்குத்தான் சொன்னேன்.

ஃப்ரிட்ஜுக்குள் 4, 5 டிகிரி இருக்கும் ஐயா. அவ்வளவு குளிரில் டானின் நாக்கைப் பிடிக்கத்தான் செய்யும். ஒரு மணி நேரம் வெளியே வையுங்கள், அப்புறம் குடியுங்கள்.