திரையின் மூலையில் ஒரு மதிப்பெண்

கேள்வி: வாடிக்கையாளர் சேவை மையமொன்றில் பணிபுரிகிறேன். செயற்கை நுண்ணறிவு மென்பொருள் என் ஒவ்வோர் அழைப்பையும் கேட்டு மதிப்பெண் இடத் தொடங்கியதிலிருந்து, வீட்டில் பிள்ளைகளிடம் எரிந்து விழுகிறேன். குறை என்னிடம்தானா?
– வாசகி, அண்ணா நகர், மதுரை.

பதில்: இல்லை, சகோதரி. வேலைப்பளு மிகுந்து, அதை எப்படிச் செய்வது என்று தீர்மானிக்கும் உரிமை குறையும்போதுதான் மன அழுத்தம் கடுமையாகிறது என்று அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979ஆம் ஆண்டிலேயே விளக்கினார். மேலூரிலிருந்து பேசும் பெரியவர், "இரும்மா, கண்ணாடிய எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகும் அரை நிமிடம் காத்திருப்பது உங்களுக்கு மரியாதை. மென்பொருளின் கணக்கிலோ அது வீணான நேரம். அந்தக் கணக்குக்கு அஞ்சி நாளெல்லாம் குரலில் சிரிப்பை வரவழைத்துக்கொள்பவர், அடக்கிய எரிச்சலை வீட்டில்தான் இறக்கிவைக்கிறார் (பாவம், பிள்ளைகள்!). உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயென்று கொள்ளாமல், பணியிடம் சார்ந்த நிகழ்வாகவே வகைப்படுத்தியது.

மதிப்பெண் எந்த அடிப்படையில் இடப்படுகிறது, தவறானதை மனிதர் எவரேனும் மறுபரிசீலனை செய்வாரா என்று மேலாளரிடம் எழுத்துமூலம் கேளுங்கள். அநியாயமாக மதிப்பெண் குறைந்த இரண்டு மூன்று அழைப்புகளைத் தேதியோடு இணைத்துக் கொடுங்கள். உறக்கம் கெடுமானால் 14416 என்ற எண்ணில் இயங்கும் டெலி மானஸ் என்ற அரசு மனநல ஆலோசனைச் சேவையில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.